உண்மை என்ற பெயரில் ஒரு பத்திரிகை

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 'சோவியத் பெருங்கலைக்களஞ்சியம்' என்னும் நூற்றொகுதிக்குச் சந்தா செலுத்தியிருந்தோர்க்கெல்லாம் தபாலில் ஓர் உறை வந்து சேர்ந்தது. அதனுள்ளே அச்சிட்ட சில தாள்களும் ஒரு குறிப்பும் இருந்தன. ஐந்தாம் தொகுதியில் 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களையும், அவற்றின் நடுவே கட்டப்பட்டிருக்கும் உருவப்படத்தையும், கத்தரிக்கோலினாலோ சவர அலகினாலோ வெட்டியெடுத்து, உள் ஓரத்தைச் சிறிது விட்டுவைத்து, அவ்விடத்தில் இத்துடன் வரும் தாள்களை ஒட்டிக்கொள்ளலாம் என்று குறிப்புக் கூறிற்று. எதற்காக வெட்டுவது என்று அது கூறவில்லை.

கூறவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அப்பக்கங்களில் இருந்தது லாவ்ரெந்தி பெரியா என்பவரைப் புகழ்ந்த கட்டுரை. ஸ்டாலினுடைய இரகசியப் பொலிஸின் தலைவராயிருந்து நாடு முழுவதையும் நடுங்கவைத்தவர் அவர். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார், ஜூன் 26ஆம் திகதி பெரியாவைச் சகாக்களே பிடித்து அடைத்தனர், டிசெம்பரில் சுட்டுக்கொன்றனர். அவர் இருந்த இடத்தை நிரப்ப வந்த புதிய தாள்களில், ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே கிடக்கும் பேரிங் கடலைப் பற்றிய விளக்கமும் படங்களும் இருந்தன. அகரவரிசையில் பெரியாவுக்கு அருகே நிற்பது பேரிங் கடலன்றோ!

இந்தச் செய்தியைக் கேட்டு மாணாக்கர் சிரிப்பதுண்டு. எனக்கோ அந்த அலகைக் கையிலெடுத்த குடும்பத் தலைவனின் நினைவே வரும். இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் உறங்கியபின், மேசை விளக்கின் கீழ் அவன் அந்தப் பக்கங்களை வெட்டுகிறான். வெட்டாமல் விட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஒருவரும் வராதிருக்கலாம், ஒருவேளை வரவும் கூடும். அந்த 'ஒருவேளை'யிற்றான் ஓர் அரசாங்கத்தின் செய்தித்துறை முழுவதும் கட்டப்பட்டிருந்தது. அரசாங்கமே பத்திராதிபராயும், நிருபராயும், வானொலியாயும், அகராதியாயும் இருந்த ஒரு நாட்டில் செய்தி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மறைந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1917ஆம் ஆண்டு, பழைய ருஷ்யப் பஞ்சாங்கப்படி ஒக்டோபர் மாதம் 25ஆம் நாள் லெனினுடைய கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. மறுநாளைக்கு மறுநாளே பத்திரிகைச் சட்டம் ஒன்று பிறந்தது. புதிய அரசாங்கத்தை எதிர்க்கத் தூண்டும் பத்திரிகைகளை மூடுவதற்கு அது அதிகாரம் அளித்தது. இஃது ஒரு தற்காலிக ஏற்பாடு என்றும், நாட்டில் வழமையான வாழ்வு திரும்பியதும் நீக்கப்படும் என்றும் அச்சட்டமே வாக்குறுதி தந்தது. தணிக்கையைச் சட்டத்தினால் ஒழித்தது 1990 ஜூன் மாதத்தில். ஒரு 'தற்காலிகம்' எழுபத்திரண்டு ஆண்டுகள் நீடித்ததென்றால், அச்சொல்லை எங்கு கண்டாலும் இரண்டாம் முறை வாசிப்பது நல்லது.

1922 ஜூனில் 'கிளாவ்லிற்' என்னும் தணிக்கைத் தலைமையகம் நிறுவப்பட்டது. பத்திரிகை, நூல் ஆகியவற்றோடு இதன் வேலை நின்றுவிடவில்லை. சுவரொட்டி, விழா அழைப்பிதழ், பண்டங்களின் மேலொட்டும் சிட்டை என்பனவும் அதன் கண்ணைக் கடந்தே அச்சேறின. நூலின் இறுதிப் பக்கத்தில் ஓர் எழுத்தும் சில எண்களும் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். அது தணிக்கையாளன் இட்ட அடையாளம். அவ்வடையாளமின்றி அச்சுக்கூடத்தின் யந்திரம் சுழலாது. எழுதக்கூடாதவை யாவை என்பதைத் தொகுத்த இரகசியப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு தணிக்கையாளனிடமும் இருந்தது. இராணுவ இரகசியங்களை எந்நாடும் மறைக்கும், அது வியப்பன்று. ஆனால் இந்தப் புத்தகத்தில் விமான விபத்து, புகையிரத விபத்து, கொள்ளைநோய், குற்றங்களின் தொகை, சிறைக்கூடங்கள் என்பனவும் இடம்பெற்றன. 1948 ஒக்டோபரில் மத்திய ஆசியாவின் அஷ்காபாத் நகரம் பூகம்பத்தினாற் தரைமட்டமாகிப் பல்லாயிரவர் மாண்டனர். எத்தனை பேர் மாண்டனர் என்பதை அந்நாட்டுப் பத்திரிகை எதுவும் அக்காலத்திற் கூறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தணிக்கை என்று ஒன்று உண்டு என்பதையே அச்சில் குறிப்பிடலாகாது. தன் நிழலையும் மறைக்கத் தெரிந்த காவலாளி என்று இதனைச் சொல்லலாம்.

ஆயினும், சிவப்பு மைப் பேனாவுடன் ஒருவன் இருந்து வரிவரியாக அடித்துக்கொண்டிருந்தான் என்று மாணவர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவனுக்கு எஞ்சிய வேலை குறைவே. பத்திரிகையின் ஆசிரியரை நியமிப்பது கட்சி, விலக்குவதும் கட்சி. வீடு, ஊதியம், பிள்ளைகளின் உயர்கல்வி, கடற்கரை ஓய்வில்லம் யாவும் அந்த நியமனத்தோடு ஒட்டியிருந்தன. எதை எழுதலாம் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று நிருபருக்குத் தெரியும். நிருபருக்கு எது வேண்டும் என்று அவர் காணச்செல்லும் ஆலை முகாமையாளருக்குத் தெரியும். ஆகவே கட்டுரை தணிக்கையாளனின் மேசைக்கு வருமுன்னரே மூன்று நான்கு உள்ளங்களில் தணிக்கையாகி வந்தது. சட்டத்தை நீக்கிவிடலாம், உள்ளத்தில் ஊறிய இந்தப் பழக்கத்தை நீக்குவது எளிதன்று.

செய்தியைத் திரட்டித் தரும் நிறுவனம் 'தாஸ்'. 1925இல் தோன்றிய இது, உலகெங்கும் நிருபர்களை வைத்திருந்தது. அவர்கள் திறமைசாலிகள், உலகில் நடப்பதை உள்ளவாறே அறிந்து அனுப்பினார்கள். ஆனால் அவர்கள் அனுப்பியது ஒரு பாத்திரத்தில் சமைத்துப் பல பந்திகளில் வெவ்வேறாகப் பரிமாறப்பட்டது. பொதுமக்களுக்குரியது பத்திரிகையில் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சோவியத் நாட்டைப் பற்றி உண்மையில் என்ன எழுதுகின்றன என்பதைக் கூறும் 'வெள்ளைத் தாஸ்' என்ற தனிச் செய்திக்கோவை, குறிப்பிட்ட அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மாத்திரம் இரகசியமாகச் சென்றது. ஆட்சியாளர் உண்மை வேண்டாம் என்று இருக்கவில்லை. உண்மை தேவையென்பதை நன்கறிந்து, பதவிக்கு ஏற்ற அளவில் அதனைப் பங்கீடு செய்தனர்.

இந்நாட்டின் பெரும் பத்திரிகைகள் இரண்டு. கட்சியின் குரல் 'பிராவ்தா'. அதற்கு 'உண்மை' என்று பொருள். அரசாங்கத்தின் குரல் 'இஸ்வெஸ்தியா'. அதற்குச் 'செய்தி' என்று பொருள். 'உண்மையில் செய்தி இல்லை. செய்தியில் உண்மை இல்லை' என்று மொஸ்கோ மக்கள் தமக்குள்ளே பேசிச் சிரித்துக்கொண்டனர். பிராவ்தா ஒரு காலத்தில் நாள்தோறும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியது. இதிலொரு விசித்திரம் உண்டு. கோடிக்கணக்கான பாமர மக்களுக்கு எழுத்தறிவித்த பெருமையும் இதே ஆட்சிக்குரியது. 1919இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்தின் பயனாக, 1939ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐம்பது வயதுக்குட்பட்டோரிற் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் வாசிக்கத் தெரிந்திருந்தனர். வாசிக்கக் கற்பித்த கையே வாசிப்பதற்கு எதைக் கொடுப்பது என்றும் தீர்மானித்தது. ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இதைப்போல் உறுத்தும் செய்தி வேறில்லை.

வானொலியும் அவ்வாறே. அக்காலத்து வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இருந்தது நாமறிந்த வானொலிப் பெட்டியன்று. சுவரில் மாட்டப்பட்டுக் கம்பியினால் இணைக்கப்பட்ட ஒலிபெருக்கி. அதில் அலைவரிசையைத் திருப்பும் திருகு கிடையாது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரேயொரு திருகு மாத்திரம் உண்டு. காலை ஆறு மணிக்குத் தேசிய கீதத்துடன் அது விழித்துக்கொள்ளும். 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்துச் சில நாட்கள் செல்லுமுன்னரே, வீடுகளிலுள்ள வானொலிப் பெட்டிகளை எல்லாரும் ஒப்படைத்துவிட வேண்டுமென்று கட்டளை பிறந்தது.

இவையெல்லாம் பொறிமுறை. இதனால் யார் என்ன இழந்தனர் என்பதே பெரிதான விடயம்.

1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரேனிலும், வொல்கா நதிப் பிரதேசத்திலும், கசாக்கஸ்தானத்திலும் பஞ்சத்தினால் இலட்சக்கணக்கிலன்று, பத்து இலட்சக்கணக்கில் மக்கள் இறந்தனர். தானியம் அரசாங்கத்தினால் வலிந்து எடுக்கப்பட்டமையே அதன் தலையாய காரணம். நாட்டின் பத்திரிகைகளில் பஞ்சம் என்ற சொல்லே இல்லை. மொஸ்கோவில் இருந்த வெளிநாட்டு நிருபர்களின் வாயும் வேறு விதமாகக் கட்டப்பட்டது. அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான். 1933 மார்ச்சில் கரெத் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் தேசத்து இளைஞர் உக்ரேன் கிராமங்களூடாகக் கால்நடையாகச் சென்று, ரொட்டி இல்லை என்று மக்கள் அழுததைக் கேட்டு, வெளியே வந்து உலகுக்குக் கூறினார். அதற்கு மறுப்பெழுதியவர் சோவியத் அதிகாரியல்லர். 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் மொஸ்கோ நிருபரும், முந்திய ஆண்டிலே புலிட்சர் பரிசு பெற்றவருமான வோல்டர் டூரன்டி. ஜோன்ஸ் அவசரப்பட்டு எழுதிவிட்டார் என்று அவர் கூறினார். உலகமும் பெயர்பெற்ற நிருபரையே நம்பியது. 1937 ஜனவரியில் குடிசன மதிப்பு எடுத்தபோது, எதிர்பார்த்த தொகைக்கும் எண்ணிக் கண்ட தொகைக்கும் பெரும் இடைவெளி தோன்றிற்று. கணக்கு இரத்துச் செய்யப்பட்டது. கணக்கெடுத்த தலைமை அதிகாரிகள் கைதாயினர். இறந்தோரை எழுதவும் கூடாது, எண்ணவும் கூடாது!

ஸ்டாலின் காலம் கழிந்தபின்னரும் இது முற்றாக மாறவில்லை. 1962 ஜூன் முதலாம் திகதி, இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றின் விலை உயர்ந்ததாகப் பத்திரிகைகள் அறிவித்தன. நொவோசெர்காஸ்க் என்ற தென்ருஷ்ய நகரத்தில் புகையிரத இயந்திரத் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அங்கே கூலி விகிதமும் அதே காலத்திற் குறைக்கப்பட்டிருந்தது. மறுநாள் அவர்கள் லெனின் படங்களையும் செங்கொடிகளையும் தாங்கி ஊர்வலமாக நகர மையத்துக்கு வந்தனர். படையினர் சுட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் நடந்த வழக்குகளில் எழுவர்க்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பிணங்கள் உறவினர்க்குக் கொடுக்கப்படாமல் தூரத்து மயானங்களில் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. மறுநாட் பத்திரிகையில் அந்நகரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1980களின் இறுதியிலேதான் அந்நாட்டுப் பத்திரிகைகள் இதனை வாய்விட்டுக் கூறின. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாய் தன் மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்று கேட்பதற்கும் வழியில்லை. ஏனெனில், அரசாங்கத்தின் கணக்கில் அப்படியொரு நாளே இருக்கவில்லை.

இத்தனையும் கூறியபின் ஒன்றைக் கூறாவிட்டால் நடுநிலை தவறியவனாவேன். சோவியத் பத்திரிகைகளில் குறைகூறலே இல்லை என்பது சரியன்று. 'குரோக்கடில்', அதாவது 'முதலை' என்ற நகைச்சுவைச் சஞ்சிகை 1922 முதல் வெளிவந்தது. சோம்பேறி முகாமையாளன், குடிகாரக் கடைப்பொறுப்பாளன், ஒழுகும் கூரை, பொருத்தமில்லாத சப்பாத்து ஆகிய யாவும் அதன் கேலிக்கு இலக்காயின. பிராவ்தாவுக்கு வாசகர்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கடிதம் எழுதினர்; அவற்றை வகைப்படுத்தித் தீர்வுகாண்பதற்கென்று ஒரு பெரும் பகுதியே இருந்தது. பல கடிதங்களாற் பயனும் கிடைத்தது. கூரை திருத்தப்பட்டது, முகாமையாளன் விலக்கப்பட்டான். ஆனால் முதலைக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. சின்ன மீன்களையே அது விழுங்கலாம். கூரை ஏன் நாடெங்கும் ஒழுகுகிறது என்று கேட்டால் அது வேறு கதை. அச்சேறாத கடிதங்களின் சாரமோ, மக்களின் மனநிலையை அறிவதற்காகக் கட்சியின் மேலிடத்துக்குச் சென்றது. அவ்வகையிற் பார்த்தால், பத்திரிகை பேசுவதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் உரிய கருவியாயிருந்தது.

மொஸ்கோவிலிருந்து தமிழிலே அச்சாகி மலிந்த விலைக்கு நமது கடைகளுக்கு வந்த நூல்களையும், வழவழப்பான தாளில் வர்ணப்படங்களுடன் வந்த சஞ்சிகைகளையும் நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். டோல்ஸ்டோயையும் கோர்க்கியையும் தமிழில் நம் கைக்குத் தந்தது அந்நாடு; அந்த நன்றியை மறுக்க முடியாது. அச்சஞ்சிகையின் தாளைப் பாடப்புத்தகத்துக்கு உறையாகப் போட்டவர்களுள் நானும் ஒருவன். அதிலே சிரித்துக்கொண்டு நின்ற உழவுயந்திரப் பெண்மணிக்கு வெண்ணெய் கிடைத்ததா என்று அக்காலத்தில் நினைக்கத் தோன்றவில்லை.

நாளடைவில் அந்நாட்டு மக்கள் தங்களுக்கென்று ஒரு வாசிப்புக் கலையை வளர்த்துக்கொண்டனர். அச்சிட்டதை வாசிப்பதோடு அச்சிடாததையும் வாசிக்கும் கலை அது. 1953 ஜூன் 28ஆம் திகதிப் பிராவ்தாவில், தலைவர்கள் முந்தியநாள் மாலை போல்ஷோய் அரங்கில் இசைநாடகம் பார்த்ததாக ஒரு சாதாரணச் செய்தி வந்தது. வந்திருந்தோர் பெயர்கள் வரிசையாக இருந்தன; பெரியாவின் பெயர் மாத்திரம் இல்லை. விடயமறிந்தோர்க்கு அதுவே போதுமாயிற்று. அவர் வீழ்ந்ததைப் பத்திரிகை வெளிப்படையாகக் கூறியது ஜூலை 10ஆம் திகதி. 1971 செப்டெம்பர் 11இல், ஒரு காலத்தில் நாட்டையே ஆண்ட குருஷ்சேவ் இறந்தார். இரண்டு நாட்கள் மௌனம். அடக்கம் நடந்த தினத்தன்று பிராவ்தாவில் ஒரு சிறு அறிவித்தல். விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய மேதை செர்கேய் கொரோலியொவின் பெயர், 1966 ஜனவரியில் அவர் இறந்தபின்னரே மரண அறிவித்தலில் மக்களுக்குத் தெரிந்தது. வாழும்போது வெற்றி பெயரின்றி வந்தது. மரணத்தோடு பெயர் வந்தது.

வேறு சிலர் வாசிப்பதோடு நில்லாமல் எழுதவும் துணிந்தனர். 1968 ஏப்ரில் 30ஆம் திகதியிட்டு 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு' என்னும் வெளியீடு தோன்றிற்று. அச்சுக்கூடம் கிடையாது, தட்டெழுத்துப் பொறியில் மெல்லிய தாள்களை மைத்தாளுடன் அடுக்கி ஒரு முறைக்குச் சில பிரதிகள் அடிப்பர். பெற்றவர் மீண்டும் அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். யார் கைதானார், எந்தச் சிறையில் இருக்கிறார், எந்த வீடு சோதனையிடப்பட்டது என்று, அடைமொழியில்லாமல், கோபமில்லாமல், வெறும் விபரம் மாத்திரம் அதில் இருக்கும். இதனைத் தொடங்கிய நத்தாலியா கோர்பனெவ்ஸ்காயா என்ற கவிஞர், கைக்குழந்தையுடைய தாய். 1969 டிசெம்பரிற் கைதாகி, பின்னர் மனநோய் மருத்துவசாலையில் அடைக்கப்பட்டார். அவர் மனத்தில் நோய் ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் குறிப்பேட்டில் என்னைக் கவர்ந்தது அதன் துணிவைவிட மற்றொன்று. முந்திய இதழில் ஒரு பெயரோ திகதியோ பிழைத்திருந்தால், அடுத்த இதழில் அதனைத் திருத்தி வெளியிட்டனர். சிறைக்குச் செல்ல ஆயத்தமாய் இருந்த மனிதர், ஒரு திகதி பிழையாய் இருப்பதைப் பொறுக்கமாட்டாதவராய் இருந்தனர்! கோடிப் பிரதி அச்சிட்டது திருத்தம் வெளியிடவில்லை. கைப்பிரதியாய்ச் சென்றது வெளியிட்டது.

இன்னொரு வழி சிற்றலை வானொலி. பி.பி.சி., அமெரிக்காவின் குரல் முதலிய நிலையங்கள் ருஷ்ய மொழியில் ஒலிபரப்பின. அவற்றின்மீது இரைச்சலை ஏவி அமுக்குவதற்கென நாடெங்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. நிலைமை தணிந்தபோது இரைச்சலும் தணியும். 1968 ஓகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படை புகுந்ததும் மீண்டும் எழுந்தது. இரைச்சல் நகரங்களிலேயே வலிது. ஆகவே ஓய்வுநாளில் நாட்டுப்புறம் சென்று காட்டோரத்தில் அமர்ந்து, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துத் தம் நாட்டுச் செய்தியை அந்நிய நாட்டிலிருந்து கேட்டனர். மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித் தமிழோசை கேட்டு வளர்ந்த நமது ஊர்க்காரருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

1986 ஏப்ரில் 26ஆம் திகதி, அதிகாலை 1 மணி 23 நிமிடத்தில், உக்ரேனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. மூன்று கிலோமீற்றர் அளவிலுள்ள பிரிப்பியாட் என்ற ஊரில் ஏறக்குறைய 49,000 மக்கள் வாழ்ந்தனர். அன்று சனிக்கிழமை, பிள்ளைகள் பாடசாலை சென்றனர், தெருவில் விளையாடினர். மறுநாள் பிற்பகல், சிறிது காலத்துக்கு மாத்திரம் என்று கூறிப் பேருந்துகளில் அவர்களை ஏற்றிச் சென்றனர். அப்பொழுதும் நாட்டுக்குச் செய்தி இல்லை. 28ஆம் திகதி காலை, ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக்குள் சென்ற ஓர் ஊழியரின் சப்பாத்தில் கதிர்வீச்சு இருப்பதைக் கருவி காட்டிற்று. தமது நிலையத்திற்றான் ஏதோ பழுது என்று முதலில் அவர்கள் அஞ்சினர். பின்னர் காற்று வந்த திசையைப் பார்த்து மொஸ்கோவை விசாரித்தனர். ஒன்றுமில்லை என்று விடை வந்தது. அன்றிரவு ஒன்பது மணிக்கு, 'விரெம்யா' என்னும் தொலைக்காட்சிச் செய்தியில், விபத்து ஒன்று நேர்ந்தது, ஓர் உலை பழுதடைந்தது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது, பாதிக்கப்பட்டோர்க்கு உதவி வழங்கப்படுகிறது, குழு நியமிக்கப்பட்டது என்ற அளவில் ஒரு நிமிடமும் நிறையாத அறிவித்தல் வாசிக்கப்பட்டது.

மே முதலாம் நாள். செர்னோபிலுக்குத் தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீற்றரில் உள்ள கீவ் நகரத்தில் வழக்கம்போல் தொழிலாளர் தின ஊர்வலம். காற்று அதற்கு முந்தியநாளே நகரத்தை நோக்கித் திரும்பிவிட்டது. பிள்ளைகள் கொடிபிடித்து நடந்தனர். தொலைக்காட்சி அதனை மகிழ்ச்சியோடு காட்டியது. சாளரங்களை மூடுங்கள், கீரைவகைகளைக் கழுவுங்கள் என்று உக்ரேனின் சுகாதார மந்திரி கூறியது மே 6ஆம் திகதி. கோர்பச்சேவ் நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சியிற் பேசியது மே 14ஆம் திகதி, பதினெட்டு நாட்களின் பின்.

நாட்களை இவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. உலையிலிருந்து வெளிவந்த நஞ்சுகளுள் ஒன்று கதிரியக்க அயடீன். அது புல்லிற் படியும்; பசுவின் பாலில் இறங்கும்; பாலருந்தும் குழந்தையின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியிற் சென்று தங்கும். அதன் வீரியம் எட்டு நாட்களிற் பாதியாகக் குறைந்துவிடும். அந்த முதலிரண்டு வாரங்கள் பாலை நிறுத்திவைத்தால், நல்ல அயடீனை உரிய வேளையிற் கொடுத்தால், பெரும்பகுதி தீங்கைத் தடுக்கலாம். அதாவது, எந்த நாட்களில் ஒரு வார்த்தை தேவைப்பட்டதோ, அந்த நாட்களிலேதான் மௌனம் நிலவியது. பிரிப்பியாட்டில் அயடீன் வில்லைகள் கொடுக்கப்பட்டன. சுற்றிலும் இருந்த எத்தனையோ கிராமங்களில் தாய்மார் வழமைபோலப் பால் கறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். பிற்காலத்தில் உக்ரேன், பெலாரூஸ், ருஷ்யா ஆகிய நாடுகளில், அக்காலத்திற் சிறுவராயிருந்தோரிடையே 2005ஆம் ஆண்டுவரை 6,000க்கு மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதிக்கு அந்தப் பாலே காரணம் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு கருதுகிறது. அயலிலுள்ள போலந்தும் அன்று பொதுவுடைமை நாடே. ஆயினும் அங்கிருந்த விஞ்ஞானிகள் தமது கருவிகளாலும் வெளிநாட்டு வானொலியாலும் நிலைமையை அறிந்து, 29ஆம் திகதி தொடங்கி ஒரு கோடிக்கு மேற்பட்ட சிறுவர்க்கு அயடீன் கரைசல் கொடுக்கச்செய்தனர்.

உண்மை வராத இடத்தை வதந்தி நிரப்பிற்று. சிவப்புத் திராட்சைமது குடித்தால் கதிர்வீச்சு அணுகாது என்று கீவ் மக்கள் நம்பினர். புகையிரத நிலையத்தில் பிள்ளைகளோடு கூட்டம் நெருக்கியது. வெளிநாட்டிலும் குழப்பமே; இரண்டாயிரம் பேர் இறந்ததாக ஓர் அமெரிக்கச் செய்தி நிறுவனம் கூறியது. அது பிழை. மேல்நாட்டார் பொய்யை மலையாகக் குவிக்கிறார்கள் என்று கோர்பச்சேவ் சினந்தார். உண்மைப் பண்டத்தைக் கடையில் வையாதவன், போலிப் பண்டம் விற்பவனைக் குறைகூறியதுபோல இருந்தது அது.

செர்னோபிலுக்குப் பின் வாயில் மெல்லத் திறந்தது. 1987 ஜனவரியில் பி.பி.சி.யின் மேலிருந்த இரைச்சல் நின்றது. 1990இல் தணிக்கை ஒழிந்தது. ஆனால் 1991 ஓகஸ்ட் 19ஆம் திகதி காலை தொலைக்காட்சியைத் திருப்பிய மக்கள் கண்டது செய்தியையன்று. சைக்கொவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' நடனத்தை. கோர்பச்சேவை வீட்டுக்காவலில் வைத்து, ஒரு குழு ஆட்சியைப் பறித்திருந்தது. ஒன்பது பத்திரிகைகள் தவிர்ந்த மற்றைய மொஸ்கோப் பத்திரிகைகள் தடைசெய்யப்பட்டன. தடையுண்ட பதினொரு பத்திரிகைகள் சேர்ந்து 'பொதுப் பத்திரிகை' என்று ஒன்றை வெளியிட்டன. தடைசெய்யப்படாத இஸ்வெஸ்தியாவிலோ, யெல்ட்சினுடைய அறிக்கையைச் சேர்க்காமல் அச்சிடமாட்டோம் என்று அச்சுத் தொழிலாளரே மறுத்து நின்றனர். அறிக்கை இரண்டாம் பக்கத்தில் வந்தது. அன்றிரவு விரெம்யாவில், செர்கேய் மெத்வேதெவ் என்னும் நிருபர் தயாரித்த ஒரு சிறு தொகுப்பு, யுத்த தாங்கியின்மீது ஏறிநின்று யெல்ட்சின் வாசிப்பதை நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. எத்தனையோ ஆண்டுகள் ஒன்பது மணிக்கு எதிர்பார்த்ததையே காட்டிய அதே நிகழ்ச்சி அது. மூன்றாம் நாள் அந்தச் சதி கலைந்தது.

2022 பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. அதனை யுத்தம் என்று அழைக்கலாகாதென்று பத்திரிகைகளுக்குக் கட்டளை வந்தது. மார்ச் 4ஆம் திகதி, இராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோர்க்குப் பதினைந்து ஆண்டுவரை சிறை என்று சட்டம் பிறந்தது. அதற்கு முந்தியநாள், 'டோஷ்ட்' என்ற தனியார் தொலைக்காட்சி நிலையத்தின் ஊழியர்கள் தமது கடைசி ஒலிபரப்பை முடித்துக்கொண்டு, யுத்தம் வேண்டாம் என்று கூறி, ஒருவர்பின் ஒருவராகக் கூடத்தைவிட்டு வெளியேறினர். வெறுமையாகிய திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடத் தொடங்கிற்று. வெள்ளை ஆடையணிந்த நான்கு பெண்கள் கைகோத்து ஆடினர், அன்ன ஏரி.